பட்டர்வொர்த்தில் ஏறி ஹட்யாயில் இறங்குங்கள்: தனியாக முதன்முறை எல்லை தாண்டும் பெண்ணுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"துணைக்கு யாரு வர்றா?"

தனியாக வெளியூர் போகிறேன் என்று வாயைத் திறந்த எந்தப் பெண்ணின் காதிலும் முதலில் விழுவது இந்தக் கேள்விதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் பெண்கள் இரவு ஷிப்ட் முடிந்து, விடியற்காலையில் மோட்டாரில் தனியாகப் பினாங்குப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகிறார்கள். 13 கிலோமீட்டருக்கு மேல் நீளம், பக்கவாட்டில் கடல் காற்று, பின்னால் லாரி. அந்தப் பயணத்துக்குத் துணை யார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. சம்பளத்துக்காகத் தனியாகப் போகலாம், ஆசைக்காகப் போகக் கூடாது என்பது எனக்கு ஏற்புடைய நியாயமாகப் படவில்லை.

நான் முதன்முதலில் தனியாக எல்லை தாண்டியது 2017-இல், 38 வயதில். பினாங்கிலிருந்து ரயிலில் தாய்லாந்தின் ஹட்யாய், இரண்டு இரவு. அதற்குப் பிறகு போனவை பல. ஆனாலும் கேண்டீனில் யாராவது "அக்கா, எனக்கும் போகணும்னு இருக்கு" என்று மெதுவாகச் சொன்னால், இன்றும் அந்த முதல் பாதையைத்தான் காட்டுகிறேன். காரணம் எளிது. முதல் பயணத்தில் மனசுக்குத் தேவைப்படுவது, வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே வீடு திரும்பலாம் என்கிற தைரியம். விமானம் அதைத் தராது. தரைவழி தரும். பினாங்குக்காரர்களுக்கு அந்த வழி வாசலிலேயே இருக்கிறது.

எல்லை தாண்டுவதற்கு முன், தீவில் ஒரு நாள்

இதைத் தாண்டிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்து மாலைவரை சொந்த ஊரிலேயே தனியாகச் சுற்றுங்கள். 101 பஸ்ஸில் தெலுக் பாஹாங் போய்த் தேசியப் பூங்காவில் நடக்கலாம். 204-இல் ஏறிக் கொடிமலைக்கு, அதுதான் பினாங்கு மலைக்கு, போகலாம். மதியச் சாப்பாட்டுக்கு நாலு பேர் உட்காரும் மேசையில் தனியாக உட்காருங்கள். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாரும் நம்மையே பார்ப்பது போல இருக்கும். பதினோராவது நிமிடத்தில், யாரும் பார்க்கவில்லை என்பது புரியும்.

அன்றைக்கு ஒரே ஒரு விதி: என்ன சாப்பிடலாம், எங்கே போகலாம் என்று யாரையும் கேட்கக் கூடாது. கேட்பதற்குச் சின்ன விஷயம். எனக்கு அது பெரிதாக இருந்தது. பிள்ளைகளுக்கு எது பிடிக்கும், வீட்டுக்காரருக்கு எது ஒத்துக்கொள்ளாது, அத்தைக்கு எவ்வளவு காரம் என்று எல்லாம் மனப்பாடம். எனக்கு எது வேண்டும் என்று கடைக்காரர் கேட்டபோது பதில் வரவில்லை. இட்டலியா மீ நூடுல்ஸா என்று முடிவெடுக்க அத்தனை நேரம் நின்றேன். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடலைவிட மலைதான் பிடிக்கும் என்பதும் அந்த மாதிரி ஒரு நாளில், கொடிமலையிலிருந்து இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது தெரிந்ததுதான்.

இந்த ஒரு நாள் இனித்தால் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். கசந்தால் இன்னொரு நாள் செய்து பாருங்கள். அவசரமே இல்லை.

வீட்டில் சொல்வது

அனுமதி கேட்காதீர்கள், தகவல் சொல்லுங்கள். "போகலாமா?" என்று ஆரம்பித்தால் பதில் தெரிந்ததே. "வர்ற மாசம் 14-ஆம் தேதி போறேன், 16-ஆம் தேதி சாயந்திரம் வந்துடுவேன்" என்று தேதியோடு ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். எத்தனை மணிக்கு ரயில், எங்கே தங்கல் என்பதற்குப் போய்விடும்.

ஹட்யாய் என்ற பெயரே நம் வீடுகளில் ஒரு மாதிரி ஒலிக்கும். ஆண்கள் கூட்டமாகப் போய் வரும் ஊர் என்று ஒரு பேச்சு. என் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நான் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார். "அங்க பொம்பளைங்க போவாங்களா?" என்றார். அந்த ஊர் சந்தைகளில் பாதிக்கூட்டம் நம் கெடா, பினாங்கு, பேராக்கிலிருந்து துணியும் முந்திரிப்பருப்பும் வாங்க வரும் குடும்பப் பெண்கள்தான் என்று எடுத்துச் சொன்னேன். உண்மையும் அதுதான். அம்மா பதில் சொல்லாமல் மறுபடி வெங்காயத்தை எடுத்தார். மறுநாள் காலை பசியாறும்போது, "முந்திரி எவ்வளவு விலை இருக்கும்?" என்று கேட்டார்.

வீட்டில் ஒருவரிடம், ஒருவரிடம் மட்டும், எல்லா விவரமும் கொடுத்துவிடுங்கள்: தங்குமிடத்தின் பெயர், முகவரி, ரயில் நேரம், கடப்பிதழின் படம். காலை ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டு முறை புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்புவதாகப் பேசிக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் ஹட்யாயில் இருக்க மாட்டீர்கள், குடும்பக் குழுவிலேயே இருப்பீர்கள்.

தாள் வேலை

மலேசியக் கடப்பிதழ் 5 ஆண்டுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்). 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 100. ஏற்கனவே இருந்தால், காலாவதிக்கு இன்னும் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். தாய்லாந்துக்குச் சுற்றுலா போக மலேசியர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். எல்லையைத் தாண்டுவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. தேடினால் பணம் கேட்கும் பக்கங்களும் வரும், அவை அரசாங்கத்துடையவை அல்ல. தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையின் பக்கத்துக்கே போங்கள். நிரப்பியதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லையில் இணையம் சதி செய்யலாம்.

நம் வெளியுறவு அமைச்சின் இ-கொன்சுலர் பதிவையும் செய்துவிடுங்கள், சில நிமிட வேலைதான். மலேசியாவுக்கு, ஹட்யாய்க்குப் பக்கத்திலுள்ள சோங்க்லாவில் துணைத் தூதரகம் இருக்கிறது. கடப்பிதழ் தொலைந்தால் போய் நிற்க வேண்டிய இடம் அது. அதன் முகவரியையும் எண்ணையும் கைப்பேசியில் மட்டுமல்லாமல் ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள். பயணக் காப்புறுதி எடுங்கள். இரண்டு நாள்தானே என்று விடாதீர்கள், கால் சுளுக்க இரண்டு நிமிடம் போதும்.

பணம், கைப்பேசி, பை

தாய்லாந்துப் பணமான பாட் நோட்டு பினாங்கிலேயே மாற்றிக்கொள்ளலாம். சில்லறையாகக் கேட்டு வாங்குங்கள், ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் தள்ளுவண்டிக்காரர் பாவம் என்ன செய்வார். 2021 முதல் நம் நாட்டு கியூஆர் கட்டண முறையும் தாய்லாந்தின் புரொம்ப்ட்பேயும் இணைக்கப்பட்டிருப்பதால், பல மலேசிய வங்கிச் செயலிகளால் அங்குள்ள கடைகளிலும் ஸ்கேன் செய்து கட்டலாம். அதை நம்பி மட்டும் போகாதீர்கள். பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். ஒரு பங்கு, யாரும் தேடாத சானிட்டரி பேட் பைக்குள்.

பை விஷயத்தில் நான் கண்டிப்பு. உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி நீங்களே ஏற முடியவில்லையென்றால் அது பெரிய பை. இரண்டு மாற்றுடை, தோளையும் முழங்காலையும் மறைக்கும் ஓர் உடை விகாரைக்கு, ஒரு துப்பட்டா. ரயிலில் வெயிலுக்கு, அறையில் போர்வைக்கு, கோயிலில் தோளுக்கு என்று அந்தத் துப்பட்டா செய்யாத வேலை இல்லை. வழக்கமாகச் சாப்பிடும் மருந்து. கதவுக்கடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று. சில வெள்ளிதான், அதை வைத்த இரவுகளில் நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

தங்குமிடம் தேடும்போது, தனியாகத் தங்கிய பெண்கள் எழுதிய கருத்துகளை மட்டும் படியுங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், இரவிலும் வரவேற்பில் ஆள், தரைத்தளம் அல்லாத அறை. இந்த மூன்றும் இருந்தால் போதும். முதல் முறைக்கு அறையை முன்பே பதிந்துவிடுங்கள், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வீரம் வேண்டாம்.

எப்போது போகக் கூடாது: நவம்பர், டிசம்பர். அங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. 2010 நவம்பரில் ஹட்யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. பள்ளி விடுமுறையையும் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்கிரானையும் தவிர்த்தால் அறை மலிவு, கூட்டமும் குறைவு.

பயண நாள்

தீவிலிருந்து ஃபெரியில் பட்டர்வொர்த். படகுத்துறையிலிருந்து ரயில் நிலையம் நடக்கும் தூரம்தான். முன்பெல்லாம் பட்டர்வொர்த்திலிருந்து நேராக பேங்காக் வரைக்கும் ரயில் போனது. இப்போது கொமுட்டர் ரயிலில் எல்லையிலுள்ள படாங் பெசார் போய், அங்கே தாய்லாந்து ரயிலுக்கு மாற வேண்டும். கொமுட்டர் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். புக்கிட் மெர்தாஜாம், சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார், ஆராவ். சுங்கை பட்டாணியைத் தாண்டிய பிறகு வயல் விரியும். அறுவடைக்கு முந்திய மாதம் என்றால் இருபக்கமும் பச்சை, நடுவில் தனித்தனியாகச் சுண்ணாம்புக் குன்றுகள். ஜன்னலோரம் பிடியுங்கள்.

படாங் பெசாரிலிருந்து ஹட்யாய் போகும் ரயில்கள் ஒரு நாளைக்கு மிகச் சிலவே. அதனால் திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்: முதலில் தாய்லாந்து ரயிலின் நேரத்தைப் பாருங்கள், அதற்கு ஒரு மணி நேரமாவது முன்னதாகக் கொண்டு சேர்க்கும் கொமுட்டரைத் தேர்ந்தெடுங்கள். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். அட்டவணையில் இருப்பது எந்த நாட்டு நேரம் என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். இது எனக்கு எப்படிப் பாடமானது என்று பின்னால் சொல்கிறேன்.

படாங் பெசார் நிலையத்தின் நல்ல விஷயம், இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் நிலையத்துக்குள்ளேயே நடந்துவிடும். முதலில் நம் முத்திரை, பிறகு அவர்கள் முத்திரை. "எத்தனை நாள்? எங்கே தங்குகிறாய்?" என்பதற்கு மேல் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். அறைப் பதிவைக் கையில் வைத்திருங்கள். தனியாகவா என்று அதிகாரி கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள், அது குற்றமில்லை. டிக்கெட் மலிவுதான். மூன்றாம் வகுப்பு, சுமார் ஒரு மணி நேரம்.

இந்தத் தண்டவாளத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. 1942, 43-இல் ஜப்பானியர் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே கொண்டு போனார்கள். திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். கெடாவில் ஒரு தோட்டத்தில் இருந்த என் பாட்டியின் அண்ணனும் அதில் ஒருவர். பாட்டி கடைசிவரை "சயாமுக்குப் போனவன்" என்றுதான் சொல்வார், செத்தவன் என்று சொன்னதில்லை. முதல் பயணத்தில் ரயில் எல்லையைத் தாண்டி மெதுவாக நகர்ந்தபோது என் கையில் டிக்கெட் இருந்தது. சிறிய காகிதம், வியர்வையில் நனைந்துவிடாமல் அதைக் கடப்பிதழுக்குள் செருகி வைத்தேன். எதிர் இருக்கையில் ஒரு தாய்லாந்துப் பாட்டி கூடையில் ரம்புத்தான் வைத்திருந்தார். நான் அழுவதைப் பார்த்தாரோ என்னவோ, நான்கு பழங்களை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஹட்யாயில் இரண்டு நாள்

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். நிலையத்துக்கு வெளியே டுக்டுக் ஓட்டுநர்கள் சூழ்வார்கள். "மாய் ஆவ் கா" என்றால் வேண்டாம் என்று பொருள். சிரித்தபடி சொல்லிவிட்டு நடங்கள். கைப்பேசியில் அழைக்கும் கிராப் வண்டி அங்கேயும் ஓடுகிறது.

முதல் மாலை எங்கேயும் போக வேண்டாம். அறையில் குளித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் சாப்பிட்டுவிட்டு, அறைக்குத் திரும்பும் வழியை மனதில் பதிய வையுங்கள். அன்று இரவு அழுகை வரலாம். பலருக்கு வருகிறது. நாளைக் காலைவரை எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மறுநாள் கிம்யொங் சந்தை, நகரப் பூங்காவில் குன்றின் மேல் நிற்கும் புத்தர், ஹட்யாய் நை விகாரையில் சயனித்திருக்கும் 35 மீட்டர் புத்தர். பூங்காவில் பிரம்மாவுக்கும் ஒரு சன்னிதி உண்டு. தேங்காய் உடைக்கும் சத்தத்துக்குப் பதிலாக அங்கே பட்டாசுச் சத்தம்.

ஆனால் என் பேச்சைக் கேட்டால் ஒரு முழு நாளைச் சோங்க்லாவுக்குக் கொடுங்கள். ஹட்யாயிலிருந்து வேனில் ஒரு மணி நேரத்துக்குள். சமிலா கடற்கரையில் தலைமுடியைப் பிழியும் தங்க நிற நீர்மங்கை சிலை இருக்கிறது, எல்லாரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். பிறகு பழைய நகரத்துக்கு நடங்கள். நக்கோன் நொக், நக்கோன் நை, நாங் ங்காம் என்று மூன்று தெருக்கள். ஏரிக்கரையில் சிவப்பு வண்ணத்தில் பழைய அரிசி ஆலை. ஜார்ஜ்டவுனின் அக்காதங்கை போல இருக்கும், ஆனால் சத்தம் இல்லாமல். நான் அங்கே ஒரு காப்பிக் கடைத் திண்ணையில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. கை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

சாப்பாடு. சைவக்காரர்கள் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தைத் தேடுங்கள்; நம் கண்ணுக்கு 17 என்று எழுதியது போலத் தெரியும். அது "ஜே", வெங்காயம் பூண்டு கூட இல்லாத சைவம். மற்ற கடையில் மீன் சாறு தெரியாமலே விழும், "மாய் சாய் நாம் ப்லா" என்று சொல்லுங்கள். மாட்டிறைச்சி வேண்டாமென்றால் "மாய் ஆவ் நுவா". அசைவக்காரர்கள் பொரித்த வெங்காயம் தூவிய ஹட்யாய் கோழியை விட்டுவிடாதீர்கள். நன்றி சொல்ல "காப் குன் கா".

கஞ்சா இலைப் படம் போட்ட கடை, பானம், பிஸ்கட் எதையும் தொடாதீர்கள். அங்கே கண்ணெதிரே விற்கலாம். ஆனால் அதை உட்கொண்டுவிட்டு மலேசியா திரும்பினால், சிறுநீர்ச் சோதனையில் தெரிந்தாலே இங்கே நம் சட்டப்படி வழக்கு. யாராவது அன்பாக நீட்டினாலும் அப்படித்தான். அடுத்தவர் பையை எல்லை தாண்டித் தூக்கிக் கொடுப்பதும் கிடையாது, அவர் தமிழே பேசினாலும் சரி.

ஹட்யாய்க்கு அப்பால் பட்டானி, யாலா, நராத்திவாட் பக்கம் போகாதீர்கள். அங்கே நீண்ட காலமாக வன்முறை நடந்துவருகிறது.

பயம்

பின்னால் யாரோ வருவது போலத் தோன்றினால், தோன்றுகிறதே என்று வெட்கப்படாமல் அடுத்த செவன் இலெவனுக்குள் நுழையுங்கள். சும்மா ஒரு தண்ணீர் புட்டி வாங்குங்கள். அவர் போகும்வரை நில்லுங்கள். தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155, பொதுப் போலீஸ் 191. அறை எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். "தனியாகவா வந்தாய்?" என்று அறிமுகமில்லாதவர் கேட்டால், "தோழி அறையில் இருக்கிறாள்" என்பது பொய்யல்ல, பூட்டு. மரியாதைக்குறைவாகத் தோன்றுமே என்று பயந்து பேச்சைத் தொடராதீர்கள். நம்மைச் சின்ன வயதிலிருந்து பழக்கிய அந்தப் பணிவுதான் இந்த மாதிரி நேரத்தில் நமக்கு எதிராக நிற்கிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. நாம் இல்லாமலும் வீடு நடந்துவிடுமோ என்ற பயம். நடந்துவிடுகிறது. முதல் முறை எனக்கு அது வலித்தது. மூன்றாம் முறைதான் அதிலிருந்த விடுதலை தெரிந்தது.

திரும்பும் நாள்

இங்கேதான் என் தவறு. ஹட்யாயிலிருந்து ரயில் படாங் பெசார் வந்து, முத்திரை எல்லாம் முடிந்து, கைப்பேசியைப் பார்த்தேன். கொமுட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நிம்மதியாக ஒரு தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) வாங்கி உட்கார்ந்தேன். பாதி டம்ளர் குடிப்பதற்குள் ரயில் நகர்வது தெரிந்தது. என் ரயில். எல்லைக்குப் பக்கத்தில் கைப்பேசி தாய்லாந்துக் கோபுரத்தையே பிடித்துக்கொண்டு, தாய்லாந்து நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அதனால் திரும்பும் நாள் நேரத்தைக் கைப்பேசி தானாக மாற்றும் வசதியை நிறுத்திவிடுங்கள், அல்லது ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தில் மலேசிய நேரம் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டுகிறேன்.

அடுத்த ரயில்வரை அந்த நிலையத்தில் காத்திருந்தேன். வீட்டில் இப்படி ஒரு ரயிலைத் தவறவிட்டிருந்தால் யார் என்ன சொல்வார்கள் என்று பயந்திருப்பேன். அங்கே திட்ட ஆளில்லை. இன்னொரு டிக்கெட், இன்னொரு டம்ளர், வீட்டுக்கு ஒரு செய்தி. அவ்வளவுதான் ஆனது.

அதற்கடுத்து எங்கே என்று கேட்டால், விமானத்தில் இந்தோனேசியாவின் மேடான். பினாங்கிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. கம்போங் மெட்ராஸ் என்று நம்மவர் குடியிருந்த பகுதியும், 1884-இல் எழுந்த மாரியம்மன் கோயிலும் அங்கே இருக்கின்றன. பாஷையும் நமக்குப் புரியும். ஆனால் அதற்கு நாள் இருக்கிறது, முதலில் இதைப் போய் வாருங்கள்.

வந்ததும் மீதி பாட்டைத் திரும்ப வெள்ளியாக மாற்றாதீர்கள். நோட்டுகளை மடித்து, கடப்பிதழுக்குள் வைத்து அலமாரியில் வையுங்கள். என்னுடையதில் இப்போது 340 பாட் இருக்கிறது.